வாங்கியவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவரா? - விளையாட்டுச் சாதனங்களும் ஆர்வலர் கார்களும்

பிளேஸ்டேஷன் சிறந்ததா எக்ஸ்பொக்ஸ் சிறந்ததா என்பதும், நிசான் ஸ்கைலைன் சிறந்ததா டொயோட்டா சுப்ரா சிறந்ததா என்பதும் வேலையற்ற இளைஞர்களின் வீண் விவாதம் என்றே பெரியோர் பலர் கருதி வந்துள்ளனர். அரிசி விலையும் அரசியல் தீர்வும் பேசப்படும் இப்பகுதியில் இத்தகைய விடயத்துக்கு இடம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. எனினும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்த விவாதங்களின் அடியில் வேறொரு கேள்வி வளர்ந்து வந்திருக்கின்றது. காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கிய பின்னர் அது உண்மையில் யாருடையது என்பதே அக்கேள்வியாகும். விளையாட்டுச் சாதனம் வைத்திருப்போரும் கார்ப் பிரியர்களும் இக்கேள்வியை மற்றையோருக்கு முன்னரே எதிர்கொண்டனர். ஆதலால் அவர்களின் அபிப்பிராயங்களைச் சற்று நிதானமாகக் கேட்பது நமக்கும் பயன் தருவதாகும்.

இந்தப் பற்று ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒரு சாதனம் மாத்திரமே வாங்க முடியும். ஒரு நிறுவனத்தின் சாதனத்துக்கென வெளியான விளையாட்டு மற்றைய நிறுவனத்தின் சாதனத்தில் இயங்காது. எனவே வாங்கியவர் ஒரு பெட்டியை மட்டுமன்றி, அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தமக்குக் கிடைக்கப்போகும் விளையாட்டுகளின் உலகத்தையே தெரிவு செய்துவிடுகின்றார். அத்தெரிவு தவறாகிவிட்டால் நட்டம் அவருக்கே. தாம் வாங்கியதே சிறந்தது என்று அவர் வாதாடுவது வெறும் பிடிவாதமல்ல, தமது முதலீட்டைப் பாதுகாக்கும் முயற்சியுமாகும்.

நிறுவனங்கள் இதனை நன்கு அறிந்திருந்தன. ஜப்பானில் 1988 ஆம் ஆண்டு மெகா ட்ரைவ் சாதனத்தை அறிமுகப்படுத்திய சேகா நிறுவனம், அமெரிக்கச் சந்தையில் நின்டெண்டோவைப் பெயர் சொல்லியே பரிகசித்து விளம்பரம் செய்தது. பாடசாலை முற்றங்களில் மாணவர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றதற்கு அந்த விளம்பரங்களும் காரணமாயின. பின்னர் 1995 ஆம் ஆண்டு மே மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் சேகாவின் சட்டர்ன் சாதனத்துக்கு 399 டொலர் விலை அறிவிக்கப்பட்ட அதே நாளில், சொனியின் பிரதிநிதி மேடையேறி 299 என்ற எண்ணை மட்டும் கூறிவிட்டு இறங்கினார். சேகா அந்த அடியிலிருந்து முழுமையாக மீளவில்லை. 2001 ஆம் ஆண்டு ஜனவரியில் ட்ரீம்காஸ்ட் சாதனத்தின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, சாதனத் தொழிலிலிருந்தே அது விலகிக்கொண்டது.

ட்ரீம்காஸ்ட் வாங்கியிருந்தோர் தோற்ற கட்சியினராயினர். எனினும் இங்கு ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. அவர்களின் சாதனம் பழுதடையாதிருந்தால் அதன் இறுவட்டுகள் இன்றும் இயங்கும். சேகா தொழிலை விட்டபோது அவர்களின் வரவேற்பறையிலிருந்த பெட்டியை அதனால் அணைத்துவிட முடியவில்லை. அன்று எவரும் இதனை ஒரு சிறப்பாக எண்ணியதில்லை.

உற்பத்தியாளரின் பிடி அக்காலத்திலும் இருக்கவே செய்தது. 1983 ஆம் ஆண்டு அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை தரமற்ற வெளியீடுகளால் சரிந்த பின்னர், அங்கு நுழைந்த நின்டெண்டோ தனது சாதனத்தினுள் ஒரு பூட்டுச் சில்லைப் பொருத்தியது. தனது அனுமதி பெறாத விளையாட்டு அதில் இயங்காதவாறு அச்சில்லு தடுத்தது. சாதனத்தைக் குறைந்த இலாபத்திலோ நட்டத்திலோ விற்றுவிட்டு, விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டிலும் அனுமதிப் பணம் பெறுவதே இத்தொழிலின் கணக்கு. அக்கணக்கு நடக்க வேண்டுமாயின் பூட்டு அவசியம். உலகைப் பிரதேசங்களாகப் பிரித்து, ஒரு பிரதேசத்தின் இறுவட்டு மற்றைய பிரதேசத்தில் இயங்காது செய்த ஏற்பாடும் இவ்வழி வந்ததே. இலண்டனிலிருந்தோ டுபாயிலிருந்தோ விடுமுறையில் வந்த உறவினர் அன்பாகக் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 சாதனம், வேறொரு நாட்டிலிருந்து வந்த அசல் இறுவட்டை ஏற்க மறுத்த கதை நம்மவர் பலருக்குத் தெரிந்திருக்கும். அசலை மறுத்த சாதனத்தைத் திறந்து ஒரு சிறு சில்லை ஒட்டிக்கொடுக்கும் கடைகள் உலகெங்கும் தோன்றியதில் வியப்பில்லை. களவுப் பிரதிகளுக்கும் அதுவே வழி திறந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இனிக் கார்களுக்கு வருவோம். ஆர்வலர் கார் என்று நாம் இங்கு குறிப்பிடுவது பயணத்துக்காக மட்டுமன்றி, ஓட்டும் இன்பத்துக்காகவும் வாங்கப்படும் கார்களையே. 1989 ஆம் ஆண்டு வெளியாகி 2016 இல் பத்து இலட்சத்தைத் தொட்ட மஸ்டாவின் எம்.எக்ஸ். 5 போன்ற சிறிய இருவிருக்கைக் கார்களும், அதே ஆண்டு மீண்டும் வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். போன்ற வலுமிக்க கார்களும் இவ்வகையின. கையால் கியர் மாற்றுவதா தானியங்கியா என்பதில் இவர்களிடையே ஓயாத சர்ச்சை உண்டு. 2019 ஆம் ஆண்டு டொயோட்டா தனது புதிய சுப்ராவை பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கி ஒஸ்திரியாவில் தயாரித்தபோது, பெயர் மட்டுமே சுப்ரா என்று பழைய பிரியர்கள் பொருமினர். நம்மைக் கேட்டால் அந்தச் சர்ச்சையில் எழுந்த புகை அதிகம், நெருப்புக் குறைவு. ஓடுவதற்கு அது நல்ல கார்.

இவ்விரு உலகங்களையும் ஒன்றாக்கியது ஒரு விளையாட்டு. கஸுனோரி யமாவுச்சி தலைமையில் உருவாக்கப்பட்ட கிரான் டூரிஸ்மோ 1997 ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வெளியாகி, உலகெங்கும் ஒரு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையானது. அதுவரை கார் விளையாட்டுகளில் இடம்பிடித்தவை பெரும்பாலும் பெராரி போன்ற கனவுக் கார்களே. யமாவுச்சியோ ஜப்பானிய வீதிகளில் சாதாரணமாக ஓடும் கார்களையும் சேர்த்து, பழைய காரொன்றை வாங்கி, பந்தயத்தில் வென்ற பணத்தில் உதிரிப்பாகம் மாற்றி முன்னேறும் முறையை வகுத்தார். ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். அமெரிக்காவில் நிசான் நிறுவனத்தால் உத்தியோகபூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. ஆயினும் அங்குள்ள ஒரு தலைமுறை அக்காரின் ஒவ்வோர் அம்சத்தையும் விளையாட்டின் வாயிலாகவே மனனம் செய்திருந்தது. அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கமையத் தயாரிக்கப்படாத வாகனத்தை அது 25 வயதை அடைந்த பின்னரே தடையின்றி இறக்குமதி செய்யலாம். 1989 ஆம் ஆண்டின் ஆர் 32 ரகத்துக்கு 2014 இலும், 1999 ஆம் ஆண்டின் ஆர் 34 ரகத்துக்கு 2024 இலும் அவ்வயது வந்தது. சிறுவயதில் திரையில் ஓட்டிய காரை நடுத்தர வயதில் நேரில் வாங்கக் காத்திருந்தோர் பலர். பழைய ஜப்பானியக் கார்களின் விலை உலகச் சந்தையில் ஏறியதற்கு இவர்களின் ஏக்கமும் ஒரு காரணம்.

விளையாட்டுக்குக் கார் கடன்பட்டிருந்தது போய், காருக்குள்ளேயே விளையாட்டு நுழைந்தது. 2007 ஆம் ஆண்டு நிசான் வெளியிட்ட ஆர் 35 ஜி.ரி.ஆர். காரின் உட்புறத் தகவல் திரையை வடிவமைத்தவர்கள் கிரான் டூரிஸ்மோவை உருவாக்கிய பொலிபொனி டிஜிட்டல் நிறுவனத்தினரே. அக்காரில் மற்றுமொரு புதுமையும் இருந்தது. ஜப்பானில் விற்கப்பட்ட ஜி.ரி.ஆர். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் செல்லாதவாறு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. செய்மதி வழியாகத் தான் நிற்குமிடத்தை அறிந்து, அங்கீகரிக்கப்பட்ட பந்தயத் தடத்துள் நிற்கும்போது மாத்திரம் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்த அது இடமளித்தது. வீதிப் பாதுகாப்பை நோக்கின் இது நல்ல ஏற்பாடே. ஆனால் காரின் வலு எவ்வளவு என்பதை என்ஜின் மட்டுமன்றி, அதனுள்ளிருக்கும் மென்பொருளும் தீர்மானிக்கும் காலம் பிறந்துவிட்டது என்பதையும் அது அறிவித்தது. 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துடன் ஆர் 35 இன் உற்பத்தி நிறைவுற்றது. அது தொடக்கிவைத்த முறையோ பரவிக்கொண்டே செல்கின்றது.

சாதனங்களின் பக்கத்தில் இம்மாற்றம் வெளிச்சத்துக்கு வந்தது 2013 ஆம் ஆண்டிலாகும். மைக்ரோசொப்ட் நிறுவனம் எக்ஸ்பொக்ஸ் வன் சாதனத்தை அறிவித்தபோது, அது 24 மணித்தியாலங்களுக்கு ஒரு தடவையேனும் இணையத்துடன் தொடர்புகொள்ள வேண்டும் என்றும், வாங்கிய இறுவட்டை மற்றவருக்கு விற்பதும் கொடுப்பதும் கட்டுப்படுத்தப்படும் என்றும் தெரியவந்தது. அண்ணன் விளையாடி முடித்ததைத் தம்பியின் நண்பனுக்குக் கொடுப்பதற்கும் அமெரிக்காவிலுள்ள ஒரு கணினியின் சம்மதம் வேண்டும் என்பதே இதன் பொருள். எதிர்ப்பு எழுந்தது. சொனி நிறுவனம் தனது புதிய சாதனத்தில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை என்று கூறிக் கைதட்டல் பெற்றது. ஜூன் மாதம் 19 ஆம் திகதி மைக்ரோசொப்ட் தனது திட்டத்தைக் கைவிட்டது. வீண் விவாதம் என்று கருதப்பட்டது ஒரு பெரும் நிறுவனத்தைச் சில வாரங்களில் பின்வாங்கச் செய்தது என்பதை மனங்கொள்ள வேண்டும்.

கைதட்டல் பெற்ற சொனியின் முந்தைய நடத்தையும் அப்படியொன்றும் தூயதல்ல. பிளேஸ்டேஷன் 3 சாதனத்தில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கணினியாகவும் பாவிக்கலாம் என்ற வசதியை முதலில் வழங்கிவிட்டு, 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாதுகாப்புக் காரணம் கூறி ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் அதனை நீக்கியது. மாற்றத்தை ஏற்காதோர் இணையவழி விளையாட்டை இழந்தனர். ஏற்றோர் லினக்ஸை இழந்தனர். அமெரிக்க விமானப்படை 1,700 க்கு மேற்பட்ட இச்சாதனங்களை இணைத்து ஒரு மீக்கணினியையே அமைத்திருந்தது என்பது இங்கு சுவையான செய்தி. கடையில் வாங்கியபோது இருந்த ஒரு பகுதி, வீட்டிலிருக்கும்போதே பறிபோனது. வழக்கு நடந்து, இழப்பீட்டு இணக்கம் ஏற்பட ஆறு ஆண்டுகள் சென்றன.

2013 இல் முன்வாசலால் வர முடியாதது பின்னர் பக்கவாசலால் வந்தது. 2024 ஆம் ஆண்டு நவம்பரில் 699 டொலர் 99 சத விலையில் வெளியான பிளேஸ்டேஷன் 5 புரோ சாதனத்தில் இறுவட்டு இயக்கி இல்லை. வேண்டுவோர் தனியாக வாங்க வேண்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 சாதனத்துக்கான சில அட்டைகளில் விளையாட்டே இல்லை. அட்டை வெறும் திறப்பு, பொருளை இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டும். 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 இன் வழங்கிகள் பராமரிப்புக்காக முப்பது மணித்தியாலங்களுக்கு மேல் நிறுத்தப்பட்டபோது, தனியே விளையாட விரும்பியவர்களும் பெரும்பகுதியை விளையாட முடியாது திகைத்தனர்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசப்பட்டது த குரூ என்ற கார் விளையாட்டின் முடிவாகும். யுபிசொப்ட் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட இவ்விளையாட்டு, தனியே ஆடினாலும் நிறுவனத்தின் வழங்கியுடன் தொடர்பில் இருக்க வேண்டும். 2024 மார்ச் 31 ஆம் திகதி வழங்கிகள் மூடப்பட்டன. அன்றிலிருந்து அதன் இறுவட்டு ஒரு பளபளப்பான தட்டு மாத்திரமே. ட்ரீம்காஸ்ட் இறுவட்டு இன்றும் ஓடும் என்று மேலே கூறியதை வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் இது இயங்காது என்று எவரும் சொல்லவில்லை.

கார் விளையாட்டுகளுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. அவற்றில் காட்டப்படும் கார்களின் பெயருக்கும் வடிவத்துக்கும் உற்பத்தியாளர்களிடம் உரிமம் பெற வேண்டும். அவ்வுரிமம் காலாவதியானதும் விளையாட்டு விற்பனையிலிருந்து அகற்றப்படும். போர்ஸா ஹொரைசன் 4 இவ்வாறு 2024 டிசம்பரில் அகன்றது. முன்னரே வாங்கியோர் தொடர்ந்து விளையாடலாம், புதியோர் வாங்க முடியாது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று சந்தையில் கிடைப்பதில்லை என வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. நூலகங்களில் நூல்கள் அழிவதன் துயரை நம்மினும் அறிந்தோர் யார்?

கார்களிலும் இதே கதை தொடங்கிவிட்டது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சில நாடுகளில், காரில் ஏற்கனவே பொருத்தப்பட்டுள்ள இருக்கைச் சூடேற்றியைப் பாவிக்க மாதச் சந்தா அறவிட முனைந்தமை 2022 இல் பெரும் கண்டனத்துக்குள்ளானது. கம்பியும் சுருளும் இருக்கையினுள் உள்ளன, அவற்றின் விலையையும் வாங்கியவர் செலுத்திவிட்டார், ஆயினும் திறப்பு நிறுவனத்தின் கையில். மறு ஆண்டு அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. ஆனால் மெர்சிடிஸ் நிறுவனம் 2022 இல் தனது மின்சாரக் கார்கள் சிலவற்றின் வேகமெடுக்கும் வலுவை ஆண்டுக்கு 1,200 டொலருக்கு விற்க முன்வந்தது. வொல்க்ஸ்வகன் 2025 இல் பிரித்தானியாவில் ஐ.டி. 3 காருக்கு அதுபோன்ற மாதக் கட்டணத்தை நிர்ணயித்தது. அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான பிஸ்கர் 2024 ஜூனில் வங்குரோத்து நிலையை அறிவித்தபோது, அதன் கார்களை வாங்கியோர் இனி மென்பொருளை யார் கவனிப்பார் என்று தெரியாது தமக்கென ஒரு சங்கம் அமைக்க வேண்டியதாயிற்று.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வழங்கிகளை நடத்தப் பணம் செலவாகும். பத்துப் பேர் விளையாடுவதற்காக அவற்றை என்றென்றும் நடத்துமாறு எவரும் கேட்க முடியாது. களவுப் பிரதிகளால் சிறிய நிறுவனங்கள் நலிவடைவதும் உண்மை. காரின் தடுப்பையும் திசைமாற்றியையும் ஆளும் மென்பொருளில் எவரும் கைவைக்கலாம் என்றால் வீதியில் செல்லும் மற்றவரின் உயிருக்கு யார் பொறுப்பு? இவை கேட்கத்தக்க வினாக்கள். ஆனால் இவற்றுக்கான விடை வாங்கியவரின் கையைக் கட்டிவிடுவதுதானா என்பதே பிரச்சினை. வழங்கியை மூடுமுன் தனியே விளையாடும் வழியைத் திறந்துவிட்டுச் செல்லலாம். எழுந்த எதிர்ப்பின் பின்னர், தனது அடுத்த இரு குரூ விளையாட்டுகளுக்கும் அவ்வழியைத் தருவதாக 2024 செப்டெம்பரில் அறிவித்தது அதே யுபிசொப்ட் நிறுவனந்தான். இருக்கைச் சூடேற்றிக்கும் வீதிப் பாதுகாப்புக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சட்டம் மெதுவாகவேனும் அசைகின்றது. அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005 இல், பிளேஸ்டேஷன் சாதனத்தில் மாற்றுச் சில்லு பொருத்திய ஒருவருக்கு எதிரான வழக்கில் சொனியின் வாதத்தை நிராகரித்தது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், சுயாதீன வாகனத் திருத்துநர்களுக்கும் உற்பத்தியாளரின் தகவல்கள் கிடைக்க வேண்டும் என 2012 இல் பெரும்பான்மையாக வாக்களித்தனர். 2021 இல் விளையாட்டுச் சாதனத்தின் இறுவட்டு இயக்கியைத் திருத்துவதற்காகப் பூட்டை உடைக்க அமெரிக்கப் பதிப்புரிமை விதிகளில் விலக்களிக்கப்பட்டது. உரிமம் மட்டுமே வழங்கப்படுவதை வெளிப்படையாகக் கூறாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பாவிக்கலாகாது எனக் கலிபோர்னியா 2024 இல் சட்டமியற்றியது. விளையாட்டுகளை இவ்வாறு அழிப்பதைத் தடுக்கக் கோரிய ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலை வரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். சாதாரண விளையாட்டுப் பிரியர்களே அம்மனுவை இவ்வளவு தூரம் கொண்டுசென்றனர்.

நமது நாட்டின் நிலை இன்னும் பரிதாபமானது. நாம் எப்போதும் சந்தையின் கடைசி வரிசையில் நிற்பவர்கள். ஜப்பானில் பாவித்த கார்களையே நம்மில் பெரும்பாலானோர் ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து வாங்குகின்றோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரொன்றைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே பலரின் பிழைப்பாயிற்று. பற்றரியைக் கழற்றி மாட்டியதும் ஜப்பானிய மொழியில் இரகசிய இலக்கம் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் திரையின் முன் விழித்து நின்ற சாரதிகள் யாழ்ப்பாணத்திலும் உண்டு, காத்தான்குடியிலும் உண்டு. இன்று அது வானொலியும் வரைபடமும் மட்டுமே. நாளை இறக்குமதியாகும் மின்சாரக் காரில் அவ்விலக்கத்தைக் கேட்பது பற்றரியாகவோ மோட்டராகவோ இருந்தால், உற்பத்தியாளரின் முகவர் இல்லாத ஊரில் வாழும் ஒருவர் என்ன செய்வார்?

விளையாட்டுச் சாதனங்களிலும் நாம் கணக்கில் வராதவர்களே. 2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டுக்குச் சொனியின் வலையமைப்பில் கணக்கு வேண்டும் என அறிவிக்கப்பட்டபோது, அக்கணக்கைத் திறக்க முடியாத நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்புலங்களிலும் அதன் கணினி வழி விற்பனை நிறுத்தப்பட்டது. இலங்கையும் அவ்வலையமைப்பின் நாடுகளின் பட்டியலுக்கு வெளியிலேயே இருந்தது. சில நாட்களில் நிபந்தனை கைவிடப்பட்டது, பட்டியல் நீளவில்லை. நமது பிள்ளைகள் வேறொரு நாட்டு முகவரியைக் கொடுத்துக் கணக்குத் திறக்கின்றனர். நிறுவனத்தின் விதிகளை மீறித் திறந்த கணக்கில் வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளுக்கு ஏதேனும் நேர்ந்தால் முறையிட அவர்களுக்கு இடமில்லை.

நமது நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாகும். அது நிறைவேறிய காலத்தில் பிளேஸ்டேஷன் 2 புதிய சாதனம். பெரும்பாலான கார்கள் இணையத்துடன் பேசவில்லை. அச்சட்டத்தின் கீழ் விற்பனையாளருக்குப் பணிப்புரை வழங்க அதிகார சபைக்கு முடியும். இணையத் தொடர்பின்றி எது இயங்கும் எது இயங்காது, எந்த வசதிக்குப் பின்னர் கட்டணம் உண்டு, பூட்டு விழுந்தால் இந்நாட்டில் யார் திறப்பார் என்ற மூன்று விபரங்களும் தமிழிலும் சிங்களத்திலும் பற்றுச்சீட்டிலேயே எழுதப்பட வேண்டும் என்று பணிப்பதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவைப்படாது. இறக்குமதி மீண்டும் திறந்துள்ள இவ்வேளையில், கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மின்சாரக் காருடனும் இக்கேள்விகளும் இறங்கிக்கொண்டிருக்கின்றன.